மொச்சை விதைத்தால் மான் வருமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் தக்காளிப் பூ உதிர்வதைப் பற்றி ஒன்று. மற்றதெல்லாம் மான். தக்காளிக்காரர் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஐயா, என் மகளும் மருமகனும் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கிறார்கள். போன வருடம் ஊருக்கு வெளியே 7 ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கினார்கள். பின்பக்கம் காடு. அதில் ஓர் ஏக்கரைச் சுத்தம் செய்து மானுக்கென்றே பயிர் போடப் போகிறாராம் மருமகன். கடையில் ஏகப்பட்ட விதைப் பை இருக்கிறது, எல்லாவற்றிலும் பெரிய கொம்பு வைத்த மான் படம்தான் என்கிறார். மான் எதைத்தான் விரும்பித் தின்னும்? பேரப்பிள்ளைகள் சன்னல் வழியாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சுடுவதற்கு இல்லை.
— ஒரு வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: பையில் படம் போட்டவர் மானைக் கேட்டுவிட்டுப் போடவில்லை அம்மா. அதை முதலில் ஓரமாக வையுங்கள்.

அதே ஜார்ஜியாவில் என் மகளும் சில வருடம் இருந்தாள். ஏப்ரல் நடுவில் போய் அக்டோபர் வரை தங்கிவிட்டு வந்தேன். பக்கத்து நிலத்துக்காரர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, நடுவில் கிடைக்கும் நேரமெல்லாம் மானுக்கு விவசாயம். அங்கே இப்படிப் பயிர் போடுபவர்களில் பெரும்பாலானோர் வேட்டைக்காரர்கள், அவரும் அப்படித்தான். எனக்கு வேட்டையில் நாட்டமில்லை, ஆனால் மண் வேலை என்றால் கை சும்மா இருக்காது. நானும் கூடப் போனேன்.

மே மாதம் ஒரு நாள் விதைப் பை ஒன்றைப் பிரித்து என் உள்ளங்கையில் கொட்டினார். பழுப்பு நிற விதை, ஓரத்தில் வெள்ளையாக ஒரு நீளக் கோடு. பையில் 'லேப்லேப்' என்று போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மொச்சை! பொங்கலுக்குத் தேக்கா சந்தையில் வாங்கி, ஊறவைத்து, பிதுக்கிக் குழம்பு வைக்கிறோமே, அதுதான். தாவரவியல் பெயரே லேப்லேப் பர்பியூரியஸ். நம் வீட்டு அவரைக்காயும் அதே இனம். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கோடைகால மான் பயிர்களில் அதற்கு நல்ல மதிப்பு. "நாங்கள் இதைக் கத்தரிக்காயோடு போட்டுச் சாப்பிடுவோம்" என்றேன். அவர் ஒன்றை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துத் துப்பிவிட்டார். வேகவைக்காத காய்ந்த மொச்சையைக் கடித்தால் அப்படித்தான். மான் தின்பது விதையை இல்லை, கொடியின் இலையை.

எந்தப் பயிர் மானுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று நீங்கள் கேட்டதையே நானும் அவரிடம் கேட்டேன். "எந்த மாதத்தில்?" என்று திருப்பிக் கேட்டார். ஆறு மாதம் கூடவே நின்று பார்த்த பிறகு எனக்கும் அதைத் தவிர வேறு பதில் தெரியவில்லை. மாதம், பயிரின் வயது, பக்கத்துக் காட்டில் என்ன விழுந்து கிடக்கிறது, இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால்தான் விதையின் பெயருக்கே வர முடியும்.

செம்பவாங்கில் நாங்கள் இருந்த காலத்தில் அப்பா ஆறேழு ஆடு வைத்திருந்தார். மாட்டையும் ஆட்டையும் பக்கத்தில் பக்கத்தில் மேயவிட்டுப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். மாடு நாக்கால் சுருட்டி வாய் நிறையப் புல்லை இழுக்கும். ஆடு மூக்கை உள்ளே விட்டு ஒரு கொழுந்து இங்கே, ஒரு பூ அங்கே என்று பொறுக்கும். ஜார்ஜியாவில் இருக்கும் வெள்ளைவால் மான் தின்னும் விதத்தில் ஆட்டைவிடவும் ஒரு படி மேல். வாய் குறுகல். உடம்பின் அளவுக்குப் பார்த்தால் இரைப்பை சிறிது. நார் மிகுந்த புல்லை மூட்டையாக உள்ளே தள்ளி நிதானமாகச் செரிக்கும் வசதி அதற்கில்லை. சீக்கிரம் செரிக்கிற, சத்து அடர்ந்த இளந்தளிர்தான் வேண்டும். அதனால்தான் அங்கே மாட்டுக்கென்று பாய் விரித்த மாதிரி வளர்த்திருக்கும் ஃபெஸ்க்யூ புல்லை மான் மிதித்துக்கொண்டு போகுமே தவிர அவ்வளவாகத் தின்னாது. உங்கள் மருமகன் பச்சையாக இருந்தால் போதும் என்று புல் விதையை வாங்கிவிடப் போகிறார், எச்சரித்து வையுங்கள்.

கோடைக்குப் பயறு வகைதான். மொச்சை, தட்டைப்பயறு, சோயா மூன்றின் இலையிலும் புரதம் நிறைய. அந்த மாதங்களில் ஆண் மானுக்குக் கொம்பு வளர்கிறது, பெண் மான் குட்டிக்குப் பால் கொடுக்கிறது. சாப்பாட்டில் நூற்றுக்குப் பதினாறு பங்காவது புரதம் இருந்தால்தான் இரண்டும் நன்றாக நடக்கும் என்பார்கள். இந்த மூன்றில் மான் விழுந்து விழுந்து தின்பது சோயாவை. அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

கால் ஏக்கர் இடம் மீதி இருந்தது. சோயா போடலாம் என்று சொன்னது நான்தான். அவர் முகத்தைச் சுளித்தார், "சின்ன இடத்துக்குச் சோயா ஆகாது" என்றார். நான் விடவில்லை. சரி, உங்கள் ஆசை என்று விட்டுவிட்டார். அழகாக முளைத்து, மூவிலை விரிந்து, கணுக்கால் உயரம் வந்தது. ஒரு சனிக்கிழமை காலை போய்ப் பார்க்கிறேன், மொட்டைத் தண்டு. பயறு வகை முளைவிட்ட கொஞ்ச நாளில் நுனியைக் கிள்ளிவிட்டால் பல செடி மறுபடி எழுந்திருக்காது. இரண்டு வாரத்தில் அந்தக் கால் ஏக்கரில் களைதான் மிச்சம்.

அதற்கு முன்பே அவர் அங்கே ஒரு காரியம் செய்து வைத்திருந்தார். கம்பி வலையை வளைத்து, மூன்றடி அகலக் கூண்டாக்கி, விதைத்த அன்றே வயல் நடுவில் குத்தி நிறுத்திவிட்டார். எதற்கென்று அப்போது புரியவில்லை. கூண்டுக்குள் சோயா என் முழங்கால் வரை நின்றது, வெளியே தரையோடு தரை. அந்த ஒரு கூண்டு இல்லாவிட்டால் விதை சரியில்லை, மழை சரியில்லை, மண் சரியில்லை என்று எதையாவது சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். உங்கள் மருமகன் வேறு எதை மறந்தாலும் இந்தக் கூண்டை மறக்கக்கூடாது. பயிர் குட்டையாக இருந்தால் வளரவில்லையா, தின்றுவிட்டதா என்பதை அது ஒன்றுதான் சொல்லும்.

ஓர் ஏக்கருக்கு நான் சோயா சொல்லமாட்டேன். மொச்சைக்கும் தட்டைப்பயறுக்கும் அதே ஆபத்து உண்டு. மான் நிறைய நடமாடும் இடம் என்றால் முளைத்துக் கொஞ்சம் வளர்ந்து நிற்கும் வரைக்குமாவது சுற்றி வேலி போட வேண்டியிருக்கும். உங்கள் மருமகன் நிலத்துக்குக் குளோவரும் ஓட்ஸும் போதும்.

குளோவர் வேறொன்றுமில்லை, நம் வெந்தயக் கீரைக்குச் சொந்தக்காரன். அதே மாதிரி மூன்று மூன்று இலை. வெள்ளைக் குளோவர் ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் சில வருடம் நிற்கும். தின்னத் தின்னத் தரையோடு படர்ந்து துளிர்க்கும், அதனால் மானின் வாய்க்கு ஈடு கொடுக்கும். விதை கடுகைவிடப் பொடி. ஏக்கருக்கு மூன்று, நான்கு கிலோ போதும். அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆழத்தில் புதைந்தால் வெளியே வராது. தூவி மிதித்துவிட்டால் சரி. ஆனால் புளித்த மண் அதற்கு ஆகாது. தென்மாநிலச் சிவப்பு மண் பெரும்பாலும் அமிலம்தான். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்து, கார அமில அளவு 6-லிருந்து 6.5 வரை வரும்படி சுண்ணாம்பு போட வேண்டும். விதைக்குச் செலவழிப்பதற்கு முன்னால் சுண்ணாம்புக்குச் செலவழிக்கச் சொல்லுங்கள். படம் போட்ட பையை வாங்குகிற சந்தோஷம் சுண்ணாம்பில் இல்லைதான்.

செப்டம்பரில் குளோவரோடு ஓட்ஸ் கலந்து தூவலாம். ஓட்ஸ் ஒரு வாரத்தில் எழுந்துவிடும், குளோவர் மெதுவாகக் கீழே பிடிக்கும். தானியப் பயிர்களின் இளம்பச்சையில் மானுக்கு ஓட்ஸ்தான் முதல். கோதுமையும் கம்புப்புல் போலிருக்கும் ரையும் அடுத்தது, ஆனால் அவை இரண்டும் குளிரை நன்றாகத் தாங்கும். கொஞ்சம் கோதுமையும் சேர்த்துத் தூவினால் கடுங்குளிரில் ஓட்ஸ் கருகினாலும் வயல் காலியாகாது. டர்னிப், முள்ளங்கி, கடுகு வகை இலையெல்லாம் வடக்கே குளிர் மாநிலங்களில் பெயர் பெற்றவை. உறைபனி விழுந்ததும் அந்த இலைகளில் இனிப்பு ஏறும், அதன் பிறகு மான் தேடிவரும். பழக்கமில்லாத மான் முதல் வருடம் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுவதும் உண்டு.

இனி, காட்டில் என்ன விழுகிறது என்ற விஷயம். அக்டோபர் முதல் வாரம். ஓட்ஸ் அவ்வளவு செழிப்பு, நாமே சாப்பிடலாம் போல. மானைக் காணோம். தினம் சாயங்காலம் நான்கு, ஐந்து நிற்கும், திடீரென்று ஒன்றுகூட இல்லை. எனக்குக் கவலை. பேருந்துக்காரர் ஒன்றும் சொல்லாமல் காட்டுக்குள் கூட்டிப்போனார். ஒரு வெள்ளை ஓக் மரத்தடியில் கொட்டை உதிர்ந்து கிடந்தது, நடந்தால் பாதம் வழுக்கும் அளவுக்கு. சுற்றிலும் மான் புழுக்கை. ஓக்கில் வெள்ளை ஓக் கொட்டைக்குத் துவர்ப்பு குறைவு. அது விழும் வாரங்களில் நாம் ஆயிரம் வெள்ளிக்கு விதைத்தாலும் மான் திரும்பிப் பார்க்காது. கொட்டை தீர்ந்த பிறகுதான் வயலுக்கு வரும். அந்த மாதம் மருமகன் பயிரை உழுதுவிட்டு வேறு பை வாங்கக் கிளம்பினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

ஒன்றே ஒன்று கூடாது. மக்காச்சோளத்தை மூட்டையாகக் கொட்டி வைப்பது. பச்சிலைக்குப் பழகிய வயிற்றில் திடீரென்று மாவுச்சத்து நிறையப் போனால் இரைப்பையில் அமிலம் பெருகி மான் செத்தே போகும், குளிர்காலத்தில் முக்கியமாக. ஒரே இடத்தில் வாய் வைத்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நோயும் பரவும். சில மாநிலங்களில் அப்படிக் கொட்டுவது சட்டப்படி தடை. அப்புறம், பேரப்பிள்ளைகள் அந்தப் பக்கம் விளையாடிவிட்டு வந்தால் காலிலும் தலைமுடியிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மான் வரும் இடத்துக்கு அதுவும் வரும்.

கேள்வி: அண்ணே, நான் ஈசூன். எங்கள் புளோக்குக்குக் கீழே சமூகத் தோட்டம் வைத்திருக்கிறோம். போன மாதம் இரவு மண்டாய் சாலையில் மோட்டார் சைக்கிளில் வரும்போது பெரிய மான் ஒன்று சாலையோரம் நிற்பதைப் பார்த்தேன். கண் இரண்டும் விளக்கு மாதிரி. தோட்டத்தில் கங்கோங் கீரை, சர்க்கரைவள்ளிக் கொடி எல்லாம் வெட்டிக் கழிக்கிறோம். கொண்டுபோய் அங்கே போட்டால் தின்னுமா?

பதில்: தின்னும் தம்பி. சர்க்கரைவள்ளிக் கொடியென்றால் உயிரையே விடும். அதனால்தான் போடாதீர்கள் என்கிறேன்.

நீங்கள் பார்த்தது கடமான். தமிழ்நாட்டில் மிளா என்றும் சொல்வார்கள், மலாய்க்காரர்களுக்கு ருசா. சிங்கப்பூரின் சொந்த மான்தான். வேட்டையாலும் காடு அழிந்ததாலும் இங்கே அற்றுப்போனதாகவே கருதப்பட்டது. 1970களில் விலங்கியல் தோட்டத்திலிருந்து சில தப்பிக் காட்டுக்குள் போய்ப் பெருகின. இன்று மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதியைச் சுற்றி நாம் பார்ப்பது அவற்றின் வழித்தோன்றல்கள் என்பார்கள். முழு வளர்ச்சியடைந்த ஆண் 200 கிலோவைத் தாண்டும். அது உங்கள் மோட்டார் சைக்கிள் முன்னால் குதித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2013-ல் புக்கித் தீமா விரைவுச்சாலைக்கு மேலேயும் 2019-ல் மண்டாய் லேக் சாலைக்கு மேலேயும் மரம் நட்டு விலங்குகளுக்கென்றே பாலம் கட்டினார்கள். விலங்குகள் சாலையில் இறங்காமல் கடக்க வேண்டும் என்பதற்கு. நாம் சாலையோரம் கொடியைப் போட்டால் பாலத்தைவிட்டு இறங்கி வா என்று கூப்பிடுவது மாதிரி.

சட்டமும் இருக்கிறது. 2020 ஜூன் முதல் காட்டு விலங்குக்கு உணவு கொடுப்பது குற்றம். முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம், மறுபடி மாட்டினால் 10,000 வரை. ஒரு கட்டு கங்கோங்குக்கு அது ரொம்ப அதிகம்.

அதற்குப் பட்டினியும் கிடையாது. ஜார்ஜியா மானைப் போலக் கடமான் அவ்வளவு பொறுக்கித் தின்பதில்லை. புல்லும் தின்னும், தளிரும் தின்னும், உதிர்ந்த பழமும் தின்னும். நம் காட்டில் பனிக்காலம் இல்லை, இலையுதிர்காலம் இல்லை. அத்தி மரம் ஒன்று காய்த்து முடிந்தால் இன்னொன்று காய்க்கும். மரம் விழுந்து வெயில் படும் இடத்தில் இளங்கொடி மண்டிக்கிடக்கும். உங்கள் கழிவை மக்க வைத்துக் கத்தரிக்குப் போடுங்கள். இரவில் அந்தச் சாலையில் மெதுவாக வாருங்கள்.

கேள்வி: நான் தொடக்கநிலை நான்கில் படிக்கிறேன். எங்கள் மலாய்த் தோழி சொன்ன கதையில் சாங் கஞ்சில் என்ற குட்டி மான் தோட்டக்காரரின் வெள்ளரிக்காயைத் திருடித் தின்கிறது. உண்மையிலேயே அது வெள்ளரிக்காய் தின்னுமா?
— ஒரு மாணவி, செங்காங்

பதில்: கண்ணு, கஞ்சில் என்பது தமிழில் சருகுமான். பூனை அளவுதான் இருக்கும், கால் பென்சில் மாதிரி. பெயரில் மான் இருந்தாலும் அது உண்மையான மான் குடும்பத்தில் சேராது. அதற்குக் கொம்பே முளைக்காது. பதிலுக்கு ஆணுக்கு மேல்தாடையிலிருந்து சின்னக் கோரைப்பல் நீட்டிக்கொண்டிருக்கும். காட்டுத் தரையில் விழுந்த பழம், தளிர், காளான் இதெல்லாம் தின்னும். தண்ணீர் நிறைந்த, மெத்தென்ற காய் கிடைத்தால் விடாது, ஆகவே வெள்ளரிக்காயை நம்பலாம். முதலைகளை வரிசையாக நிற்கவைத்து எண்ணிக்கொண்டே ஆற்றைக் கடந்ததாகவும் உன் தோழி சொல்லியிருப்பாளே, அதைத்தான் நம்ப முடியவில்லை. சிங்கப்பூரில் இன்னும் சருகுமான் இருக்கிறது. ஆனால் மகா கூச்சம்; சருகு சத்தம் கேட்கும், திரும்பினால் இருக்காது.

கேள்வி: தேனிப் பக்கம் மலையடிவாரத்தில் எங்களுக்கு 3 ஏக்கர் இருக்கிறது. தம்பி பார்த்துக்கொள்கிறான், நான் இங்கிருந்து பணம் அனுப்புகிறேன். நிலக்கடலையும் உளுந்தும் போட்டால் பாதி மானுக்குப் போகிறது என்கிறான். மான் தொடாத பயிர் எது?
— வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: உட்லண்ட்ஸ் அம்மாவுக்குச் சொன்னதை அப்படியே திருப்பிப் போட்டுப் படியுங்கள். பயறு வகை என்றால் மானுக்கு விருந்து, நீங்கள் போட்டிருப்பது இரண்டும் அதுதான். காட்டை ஒட்டிய ஓரத்துக்கு மஞ்சள், மிளகாய், எள், ஆமணக்கு இப்படி நெடியும் காரமும் உள்ளதைக் கொண்டுபோய், கடலையை வீட்டுப் பக்கம் தள்ளலாம். வரப்பில் ஆடாதொடை நடலாம். ஆடு தொடா இலை என்று பெயரிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனால் சித்திரை, வைகாசியில் காடு காய்ந்து கிடக்கும்போது பசித்த மான் எதைத் தொடும், எதைத் தொடாது என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. வேலிதான் என்றால் எட்டடி உயரமாவது வேண்டும். அதைவிடக் குட்டை வேலியை மான் தாண்டிவிடும்.

அதற்கு முன்னால் ஒரு சந்தேகம். தின்பது மான்தான் என்று தம்பி எப்படிச் சொல்கிறார்? மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழ்ப்பல்லால் அழுத்திப் பிடித்து இழுக்கும், அதனால் தண்டு நார் நாராகப் பிய்ந்து நிற்கும். முயல் தின்றிருந்தால் கத்தியால் சாய்த்து வெட்டிய மாதிரி சுத்தமாக இருக்கும். செடியோடு மண்ணையும் கிளறிப்போட்டிருந்தால் அது காட்டுப்பன்றி, கடலைக்கு அதுதான் முதல் எதிரி. பன்றிக்குப் போடும் வேலி வேறு, மானுக்குப் போடும் வேலி வேறு. விடிந்ததும் தம்பியைப் போகச் சொல்லி, தின்ற தண்டின் நுனியையும் பக்கத்தில் ஈர மண்ணில் இருக்கும் குளம்புத் தடத்தையும் ஒரு பத்து ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு அடுத்த இதழில் தக்காளிக்காரருக்குப் பிறகு எழுதுகிறேன்.